கேட்டா, குடுத்துட்டேன்

அவளுடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று நம் வகுப்புத் தோழிகள் ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒருத்தியிடம் கால்வலி என்றேன். இன்னொருத்தியிடம் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றேன். இரண்டும் பொய். கால் நன்றாகத்தான் இருக்கிறது, மகளைப் பார்க்க யாரும் வரவில்லை. எனக்கு வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஏன் என்று ஃபோனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் போன அன்று நம் பள்ளிக்கூடக் குழுவில் நீங்கள் எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் வாசித்தேன். மழையில் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே பஸ் ஏறினாளாம். பரீட்சை அன்றைக்குத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டு, டீச்சரிடம் திட்டு வாங்கி வேறு பேனா வாங்கி எழுதினாளாம். ஒருத்தியின் செருப்பு வார் அறுந்ததென்று தன் புதுச் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சித்திரை வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தாளாம். எல்லாம் உண்மை. செருப்புக் கதை நடந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவள் குதித்துக் குதித்து நடந்ததைப் பார்த்துச் சிரித்ததும் நான்தான். ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் அவள் கொடுத்ததைப் பற்றி இத்தனை பேர் எழுதினீர்களே, கொடுத்த பொருள் யாருடையது என்று ஒருத்தியாவது யோசித்தீர்களா?

எட்டாம் வகுப்பில்தான் அவள் நம் பள்ளிக்கு வந்தாள். மேலப்பாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருந்தால் முதல் பீரியடு முடியும்போது வேர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்பாள். அவளுடைய வாப்பா சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவர் வரும்போது கொண்டுவரும் பெட்டி, நம் வகுப்புக்கே வந்த பெட்டி மாதிரிதான். ஸ்ட்ராபெர்ரி வாசனை அடிக்கும் ரப்பர், மூடியில் கண்ணாடி பதித்த பென்சில் டப்பா, வெள்ளிக் காகிதம் சுற்றிய மிட்டாய். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் நாலு கை உள்ளே போகும், அவளுக்கு மிஞ்சுவது மூடியில் ஒட்டியிருக்கும் பருக்கைதான். கணக்கு டீச்சர் அவளுக்கு 'வள்ளல்' என்று பெயர் வைத்தார். காலை வழிபாட்டில் தலைமையாசிரியை அவளை மேடைக்குக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் நீ கொடுப்பவள், நீ கொடுப்பவள் என்று ஊரே சொன்னால் அப்புறம் அவளால் எதையாவது இல்லை என்று சொல்ல முடியுமா? பெரியவர்களுக்கு அது அன்று புரியவில்லை. கைதட்டினார்கள். நாமும்தான் தட்டினோம்.

அந்த வருடம் எனக்கு அம்மா இல்லை. அதற்கு முந்தைய வருடம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். உங்களில் சிலர் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அப்பா கோர்ட்டில் எழுத்தர். அவர் அதிகம் பேசாதவர், அம்மா போன பிறகு சுத்தமாகப் பேசாமல் போனார். எங்கள் வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது, அம்மாவின் தம்பி, என் மாமா, வாங்கிக் கொடுத்தது. காரியம் முடிந்த அடுத்த வாரமே அப்பா அதைத் துணியில் சுற்றி மாமா வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிள்ளை படிக்க வேண்டும், பாட்டுப் பெட்டி எதற்கு என்று காரணம் சொன்னார்.

காரணம் அது இல்லை என்பது எனக்கு அன்றே தெரியும். வீட்டில் ஒரு கேசட் இருந்தது. ரேடியோவிலிருந்து பிடித்த சினிமாப் பாட்டுகள். முதல் பக்கத்தின் கடைசியில், பாட்டெல்லாம் முடிந்த பிறகு, நாலு நிமிஷம் அம்மா இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா டேப் ரெக்கார்டரை அடுக்களை ஜன்னலில் வைத்து, அவளுக்குத் தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தியிருக்கிறார். நான் கொக்கிரகுளம் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்குள் வருகிறேன். அம்மா என்னைப் பிடித்து நிறுத்தித் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டுகிறாள். பாத்திரச் சத்தம். அப்புறம் மாமா சிரிக்கிறார், அம்மாவும் சிரிக்கிறாள், டக்கென்று நின்றுவிடுகிறது. அவ்வளவுதான். ஒரு பாட்டு இல்லை, நல்ல வார்த்தை நாலு இல்லை. எல்லா வீட்டிலும் தினமும் விழுகிற திட்டுதான்.

இனி இந்த உலகத்தில் அம்மாவின் குரல் அந்த நாலு நிமிஷத்தில் மட்டும்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்திருந்தது. அப்பா பரண்மேல் போட்டிருந்த பையிலிருந்து அதை எடுத்துப் பாவாடைக்குள் ஒளித்து, புத்தகப் பையில் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டு என்ன செய்ய? போட்டுக் கேட்கப் பெட்டி இல்லையே. மாமா வீட்டுக்குப் போய்க் கேட்டால் அப்பா காதுக்குப் போய்விடும்.

இதை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். மத்தியானம் குழாயடியில் டிபன் பாக்ஸ் கழுவும்போது. அவள் கழுவின பாக்ஸை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, "ஏளா, சனிக்கிழமை எங்க வூட்டுக்கு வா. எங்கள்ட்ட பெரிய செட்டு இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு ஜூன் கடைசியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மேலப்பாளையம். தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் தெரு. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் வாசலில் கண்ணை உயர்த்தாமலே, கோர்ட்டுக்காரர் மகளா, உள்ளே போ என்பார்கள். அவள் வீட்டு நடு அறையில் அந்த செட், மேலே ஒரு லேஸ் துணி போட்டு மூடி. அவளுடைய உம்மா மற்ற பிள்ளைகளை வெளியே விரட்டிவிட்டுக் கதவைச் சாத்துவார். செட்டில் மூன்று இலக்கக் கவுண்டர் ஒன்று உண்டு. நாடாவை வேகமாக ஓடவிட்டு, 287 வந்ததும் நிறுத்தி, கேட்கிற பட்டனை அழுத்துவாள். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நாலு நிமிஷமும் திரும்ப மாட்டாள். அந்த மாதிரி ஒரு மரியாதையை எனக்கு அதற்குப் பிறகு யாரும் கொடுத்ததில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

கேசட் அவள் வீட்டிலேயே இருந்தது. என் வீட்டில் அப்பா கண்ணில் பட்டால் போச்சு. லேஸ் துணிக்கு அடியில், அவளுடைய வாப்பாவின் கடிதங்களோடு வைத்திருந்தாள். ஒருநாள் கேசட்டின் முதுகிலிருந்த சின்ன பிளாஸ்டிக் மடிப்பைக் காட்டி, இதை உடைத்துவிட்டால் அப்புறம் யாரும் இதன்மேல் பதிய முடியாது, உடைத்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் கூடாது என்று பிடுங்கிக்கொண்டேன். அம்மா இருக்கிற பொருளில் எதையும் உடைக்க எனக்கு மனசு வரவில்லை. இதை நினைத்து நான் தலையில் அடித்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ.

அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது உங்களுக்கு விளங்காது. அங்கே முக்கால்வாசி வீட்டில் ஆண்கள் சவூதியிலும் துபாயிலும். தெருவில் ஒருவர் விடுமுறை முடிந்து கிளம்புகிறார் என்றால் எல்லா வீட்டிலிருந்தும் அவருக்குப் பொட்டலம் போகும். ஊறுகாய், கருவாடு, மருந்து, அதோடு ஒரு கேசட். எழுதத் தெரியாத மனைவிகள் பேசித்தான் அனுப்புவார்கள். யாராவது பட்டனை அழுத்திவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும், உள்ளே அவள் மட்டும் புருஷனிடம் பேசுவாள். அங்கே அவர் கேட்டுவிட்டு, அதே கேசட்டில் அதன்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார். அவள் கேட்டு, மறுபடி அதன்மேல் பேசுவாள். அந்தத் தெருவில் கேசட் என்பது வைத்துக்கொள்ளும் பொருளே இல்லை. வந்துபோகிற கடிதம். அங்கே யாரும் குரலைச் சேர்த்து வைக்கவில்லை. அவர்களுடைய ஆட்கள் உயிரோடு இருந்தார்கள்.

புரட்டாசியில் அப்பாவின் சொந்தக்காரர்களோடு குலசை தசராவுக்குப் போனேன். கடற்கரைக் கடையில் குட்டிக் குட்டிச் சோழி கோத்த மாலை ஒன்று வாங்கிவந்து அவளுக்குக் கொடுத்தேன். எனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை. திங்கட்கிழமை கொடுத்தேன், செவ்வாய்க்கிழமை அது வகுப்புத் தலைவியின் கழுத்தில் கிடந்தது. யார் என்று உங்களுக்கே தெரியும், அவள் மேல் தப்பில்லை. நான் நம் வள்ளலை மறித்துக் கேட்டேன்.

"கேட்டா, குடுத்துட்டேன்" என்றாள். அதில் என்ன இருக்கிறது என்பது போலச் சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுவிட்டேன். அன்றைக்கே சண்டை போட்டு என் கேசட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சனிக்கிழமை செட்டு வேண்டுமே, எப்படிச் சண்டை போடுவது?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று ஒரே பேச்சு. ஆறு கரையைத் தாண்டிக் கீழ்த் தெருக்களுக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை, பஸ் ஓடவில்லை, கடைகள் மூடிக்கிடந்தன. ஒரு சனிக்கிழமை போக முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதினான்கு நாள் ஆகியிருந்தது அம்மாவைக் கேட்டு.

அவள் வாசற்படியில் எனக்காகக் காத்திருந்தாள். டீ கொடுத்தாள். பிஸ்கட் கொடுத்தாள். லேஸ் துணியைத் தூக்கவில்லை. பிறகு, அடுத்த வீட்டு லாத்தாவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று ஆரம்பித்தாள். லாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா, காக்கா என்றால் அண்ணன். பத்து நாள் பிள்ளை, பெண். லாத்தாவின் மாப்பிள்ளை தம்மாமில், அவளுடைய வாப்பாவுக்குப் பக்கத்து அறை. வியாழக்கிழமை தெருவிலிருந்து ஒருவர் சவூதிக்குக் கிளம்பினாராம். மழையில் கடை இல்லை, தெருவில் ஒரு வெறும் கேசட் இல்லை. பிள்ளை அழுகிற சத்தத்தையாவது அவருக்கு அனுப்ப வேண்டும் என்று லாத்தா பச்சை உடம்போடு வந்து நின்று அழுதாளாம்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவளே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"அழுதுக்கிட்டே நின்னா. கேட்டா, குடுத்துட்டேன்" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "முழுசும் பேசியிருப்பா, ஏளா. ரொம்ப நேரம் உள்ளதான் இருந்தா" என்றாள்.

நான் கத்தவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். பஸ் ஏறாமல் பாளையங்கோட்டை வரை நடந்தே வந்தேன், சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு. வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பரணிலிருந்து எடுத்தது முதற்கொண்டு. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நல்லதுக்குத்தான் என்று ஒரே வார்த்தை சொன்னார். அந்த வார்த்தைக்காக அவரைப் பல வருடம் வெறுத்தேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடாமல் இலையை மூடியதை அப்போதும் பார்த்தேன்தான், ஆனால் அதற்கு அர்த்தம் இருப்பதாக அன்று தோன்றவில்லை. டேப் ரெக்கார்டரை அவர் எனக்காகத் தூக்கிக் கொடுக்கவில்லை, அந்த நாலு நிமிஷத்தை வீட்டில் வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை என்பது அவரும் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவளோடு பேச்சை நிறுத்தினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏன் என்று கேட்டவர்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் அவள் பக்கம்தான் பேசியிருப்பீர்கள். பத்து நாள் பிள்ளையின் அழுகையா, செத்தவளின் திட்டா என்று நிறுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எனக்கே வரவில்லை. அதுதான் பெரிய கொடுமை. அவள் செய்தது நியாயம் என்று தெரிந்துகொண்டே அவளை வெறுக்க வேண்டியிருந்தது. அவள் தினமும் தன் டிபன் பாக்ஸை என் பக்கம் நகர்த்தி வைப்பாள். நான் தொட மாட்டேன். அடுத்த வருடம் அப்பாவுக்கு மாற்றல் வந்து நாங்கள் திருச்செந்தூருக்குப் போய்விட்டோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவளிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. நான் பதில் போடவில்லை. அந்த அட்டைகளை மறந்துவிடாதீர்கள், என் விலாசம் அவளிடம் இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

பிறகு அவள் கல்யாணம். எனக்கு இருபத்திரண்டு வயது, கோபத்தைத் தூக்கிச் சுமந்து களைத்துப் போயிருந்தேன். போனேன். மணப்பெண் அலங்காரத்தோடு எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அன்றோடு மன்னித்தேன். மன்னித்தது மட்டும் இல்லை, மன்னித்த கதையை வருடாவருடம் அவளிடமே சொல்லிக்காட்டினேன். நான் எவ்வளவு பெரிய மனசுக்காரி பார் என்பேன், சிரிப்பாள். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தது அவள்தான். என் வீட்டுக்காரர் வேலையில்லாமல் இருந்த வருடம் அரிசி மூட்டை என் வாசலில் இறங்கியது அவள் அனுப்பித்தான். அதையெல்லாம் நான் வாங்கிக்கொண்டேன். அம்மாவின் குரல் போனதற்கு இதெல்லாம் வட்டி மாதிரி வருகிறது என்றுகூட ஒருநாள் நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி ஆறு மாதம் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டாள். வாரா வாரம் போனேன். ஒரு மத்தியானம் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, என்மேல் உனக்கு வருத்தம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அதெல்லாம் எப்பவோ போச்சு என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு ஆரஞ்சில் பாதியை என் கையில் வைத்தாள். அந்த மத்தியானத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை. அவளுக்கு நேரம் இருந்தது. மூச்சும் இருந்தது.

இனி அவள் போன அன்றைக்கு வருகிறேன். மையத்தை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டு ஆண்கள் போய்விட்டார்கள். பெண்கள் மட்டும் நடு அறையில், கல்யாணத்துக்குப் பிறகும் அவள் விட்டுப் போகாத வாப்பா வீட்டின் அதே அறையில், உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருத்தியும் அவள் தனக்குக் கொடுத்ததைச் சொல்லி அழுதார்கள். அப்போது ஓரத்தில் இருந்த வயதான பெண் ஒருத்தி நகர்ந்து வந்து என் கையைப் பிடித்தாள். அடுத்த வீட்டு லாத்தா. இருபத்தைந்து வருடமாக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்த லாத்தா.

"நீ அந்தக் கேசட்டுப் புள்ளதானே?" என்றாள். "ஒங்கம்மா கொரலுதான் எங்க வூட்டு மனுசனுக்கு அங்கன தொணை. ஒங்கிட்ட சொல்லியிருப்பாளே."

என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் தலையை ஆட்டினேன். ஆட்டினதால்தான் அவள் மிச்சத்தையும் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை லாத்தா பேசிக்கொண்டிருக்கும்போதே மழையில் கரண்டு போய்விட்டதாம். பத்து நிமிஷம்கூடப் பேசவில்லை. இருட்டில் என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருக்கையில் கிளம்புகிறவரின் வண்டி வந்துவிட்டது. கேசட்டை உருவி அப்படியே கொடுத்துவிட்டாள். அதனால் தம்மாமில் அவருக்கு முதலில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் லாத்தா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன் என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோனாள். என்ன சொல்ல நினைத்தாள் என்று அவளுக்கே இப்போது மறந்துவிட்டதாம். அதற்கப்புறம் சினிமாப் பாட்டு. எல்லாப் பாட்டும் முடிந்து, கடைசியில், என் அம்மா.

அவர் அதன்மேல் பேசித் திருப்பி அனுப்பவில்லை. வழக்கத்தை மீறி வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது, இது யார் குரல் என்று கேட்பதற்காகவே கையோடு கொண்டுவந்தார். லாத்தா, கேசட்டைக் கொடுத்தவளையே கூப்பிட்டு அனுப்பினாள். அவள் வந்தாள், கேட்டாள், உட்கார்ந்து அழுதாள். அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடு என்று அவர் கேசட்டை அவள் கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாளாம்.

"திரும்பி வந்து அவர் பெட்டியிலேயே வச்சிட்டா" என்றாள் லாத்தா. "'அவளுக்கு இப்ப அது வேண்டாம் காக்கா, அவ மறந்துட்டா. நீங்க கொண்டுபோங்க'ன்னுட்டா. ஒனக்கு எவ்வளவு பெரிய மனசு, தாயி."

எனக்கு எவ்வளவு பெரிய மனசு! எனக்குத் தெரியாமலே எனக்கு ஒரு பெரிய மனசைக் கொடுத்து, அதை எடுத்து அவருக்குத் தானம் செய்திருக்கிறாள். நான் மறந்துவிட்டேனாம். அந்த வருடமும் பொங்கலுக்கு அட்டை போட்டாளே, அதில் ஒரு வரி எழுதக் கூடாதா? திருச்செந்தூர் என்ன, ஒன்றரை மணி நேர பஸ். முதல் தடவை செய்தது அவசரம், மழை, பத்து நாள் பிள்ளை. அதை மன்னித்தேன், இன்னும் மன்னிப்பேன். இரண்டாம் தடவை அவசரம் எதுவும் இல்லை. கையில் இருந்தது. அது என்னுடையது என்று தெரியும். எதிரே நின்றவரின் முகத்தைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள். என் முகம் அந்த அறையில் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தவள், கேட்காதவளிடமிருந்து எடுத்துத்தான் கொடுத்திருக்கிறாள். அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் நான் மன்னித்த கதையை அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன், அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பி வந்தார்கள். லாத்தா எழுந்துபோய் வாசலில் ஒருவரிடம் என்னைக் காட்டினாள். எழுபது வயது இருக்கும். கபரில் மண் போட்ட கையை இன்னும் கழுவவில்லை. படிக்கு வெளியே நின்றபடியே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தத் தல துவட்டாத புள்ள நீங்கதானாம்மா?"

கேசட் எங்கே என்று மட்டும் கேட்டேன். ஊரோடு வந்துசேரும் கடைசி வருடம், கூட இருந்த கேரளத்துப் பையன் ஒருவனுக்கு உம்மா இறந்துபோக, ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லையாம். அவனுக்குத் தமிழ் பாதிதான் புரியும். ஆனாலும் ராத்திரி இவர் அறைக்கு வந்து அதைப் போடச் சொல்லிக் கேட்பானாம். "கேட்டான், குடுத்துட்டேன்" என்றார். அதே வார்த்தை, அதே சிரிப்பு. இந்தத் தெருவில் எல்லாருக்கும் ஒரே வியாதி.

உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அம்மா அதில் என்ன சொன்னாள் என்பது எனக்கு மறந்துபோய் முப்பது வருடம் ஆகிறது. முதலில் குரல் போனது. அப்புறம் வார்த்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. தலையைத் துவட்டினாயா என்ற முதல் கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது, அதுவும் என் குரலில்தான் காதில் விழும். ஆக அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, சொன்னபோது பொய்யாக இருந்து, பிறகு உண்மையாகிவிட்டது. அதற்கும் அவளைத்தான் குற்றம் சொல்வேன்.

அந்தப் பெரியவரிடம், அம்மா சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் சுற்றி நின்ற ஆட்களைக் கூச்சத்தோடு பார்த்தார். எங்கள் மகளைக்கூட இதைச் சொல்லித்தான் வளர்த்தேன் என்றார். பிறகு மண் ஒட்டிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி, குரலை மாற்றாமல் சொன்னார்.

"ஏட்டி, தலயத் துவட்டுனியா? இங்கன வா. சொட்டுது பாரு. குனி. இன்னும் குனி. காச்சல்னு படுத்தா யாரு பக்கத்துல உக்காருவா? நான்லா உக்காரணும். உக்காருவேன், அது வேற."

உக்காருவேன், அது வேற. ஆமாம், அம்மா அப்படித்தான் முடிப்பாள். அதைச் சொல்லிவிட்டுத்தான் சிரிப்பாள். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். சொன்னார். மூன்றாம் தடவை கேட்க வாய் வந்தது. ஒரு மனுஷனை எத்தனை தடவை கேட்பது? வந்துவிட்டேன்.

அந்த வீட்டு வாசலை இனி நான் மிதிக்க மாட்டேன். அவளுக்காக அழுகிறேன், தினமும்தான். குழுவில் நீங்கள் போட்ட அவள் படத்தை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் நாற்பதாம் நாளில் உட்கார்ந்து அவள் எனக்கு என்ன கொடுத்தாள் என்று யாராவது கேட்டால், என்னால் பதில் சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாவு வீட்டுக்குப் போய் வந்த வழக்கப்படி தலைக்குக் குளித்தேன். கொடியில் துண்டு கிடந்தது, எடுக்கவில்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ஃபோனில் பேசிக்கொண்டே என்னைக் கடந்து போனாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டி ரவிக்கையின் முதுகு முழுக்க நனைந்தது, தரையும் நனைந்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். யாரும் கேட்கவில்லை.